தாம்பாளத்து வெயில்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. மற்றதெல்லாம் மண் ஓடு. அந்த ஒன்றின் வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்கி வரும். காலையில் மேற்குச் சுவரோரம் பெரிய பையன்கள் மீது விழும். நேரம் ஆக ஆக நகர்ந்து, நடு வகுப்பைத் தாண்டி, மத்தியானத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும். வெயில் மடியில் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொக்கும். நான் படித்ததில் பாதி அந்தச் சொக்கலில் படித்ததுதான். அதனால் வாத்தியார் சொன்னது எது, நானாகக் கனவு கண்டது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. வராது என்பதற்காகச் சொல்லாமல் இருக்கிற ஆள் நான் இல்லை.

விளாங்குடிக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கினால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். வாத்தியார் மதுரை டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். வயதில் சின்னவர். ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் மேல் மரியாதை கொஞ்சம் குறைவு, எங்களுக்குப் பயம் கொஞ்சம் குறைவு. பிரகிருதி சாஸ்திரம் என்ற இயற்கைப் பாடத்தில் ஒரு நாள் கரும்பலகையில் ‘சக்தி’ என்று பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினார்.

“சக்தின்னா என்ன? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்.”

எங்களுக்கா தெரியாது? வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கியது.

“மாரியாத்தா சார்!”

“மீனாட்சி சார்!”

“எங்கம்மாவுக்கு வெள்ளிக்கெழமையானா வரும் சார். வேப்பெலை கேக்கும்.”

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்வரிசையில் ஒருவன் கரும்பலகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “சார், செருப்பக் கழட்டிருங்க சார்” என்றான். நல்ல மனுஷர், கழற்றிவிட்டார். பிறகு அந்தச் சொல்லை எச்சரிக்கையாகத் துடைத்தார். துடைக்கும்போது அவர் கையே தயங்கியது போல எனக்குப் பட்டது. அந்த இடத்தில் ‘தெம்பு’ என்று எழுதினார்.

“கமலையில தண்ணி எறைக்கிற மாட்டுக்குத் தெம்பு எங்கருந்து வருது?”

இது எங்கள் ஊர்ப் பாஷை. “பருத்திக்கொட்டை சார்! புண்ணாக்கு சார்! வைக்கோல் சார்!” என்று கத்தினோம். பருத்திக்கொட்டைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். செடி என்றோம். செடிக்கு? அவரே கையை நீட்டிக் காட்டினார். நான் பயந்துவிட்டேன், என்னைத்தான் காட்டுகிறார் என்று. அவர் காட்டியது என் மடியில் கிடந்த வெயிலை. கண்ணாடி ஓட்டு வெயில் அப்போது என் பாவாடை மேல் வட்டமாகப் படிந்திருந்தது. அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று என் மடியை எட்டிப் பார்த்தார்கள்.

“அங்கருந்துதான். மாடு, மனுசன், மரம், எல்லாத் தெம்பும் வெயில்லருந்து வருது. வந்த தெம்பு அழிஞ்சும் போகாது. ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்குப் போகும், அம்புட்டுதான்.”

அன்றைக்கு அவர் ‘சக்தி’யைத் துடைக்காமல் விட்டிருந்தால் நான் அம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்திருப்பேன். என் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் எழுதியது தெம்பு. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குள் காலையிலிருந்து இரவு வரைக்கும் அந்த ஒரு சொல்தான் நடமாடிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகள் அந்தப் பாடத்தை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அன்று வீடு திரும்புகிற வழி முழுக்க அதே பேச்சு. பருமனான பையன் ஒருவன் வரப்பில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டான், வெயில் தின்கிறானாம். இன்னொருவன் கல்லுக்குத் தெம்பு கிடையாது, அது சும்மாதானே கிடக்கிறது என்று அடித்துச் சொன்னான். கால் விரலில் துணி சுற்றியிருந்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“சும்மா கெடந்த கல்லுதான்டா என் நகத்தைப் பேத்துச்சு!”

“நீதானடா போயி இடிச்ச? அது ஒன் தெம்பு. கல்லோடது இல்ல.”

அப்போது திண்டுக்கல் ரயில் தூரத்தில் புகை விட்டுக்கொண்டு போனது. எங்கள் கூட்டத்தில் கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். ரயில் கரியைத் தின்கிறது, கரி மரத்திலிருந்து வருகிறது, மரம் வெயிலைத் தின்கிறது, அப்படியானால் ரயில் வெயிலில்தான் ஓடுகிறது. வரப்பில் படுத்திருந்த பையன் தலையைத் தூக்கி, “அப்ப ராத்திரி ரயிலு?” என்றான்.

“பகல்ல தின்னு வச்சதை வச்சு ஓடும்டா, கூறுகெட்டவனே.”

கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். ஓடினால் தெம்பு கொட்டிப்போகும். உட்கார்ந்தால் உள்ளேயே நிற்கும். சாயங்காலம் ஓடியாடிவிட்டு வந்தால் கண் செருகுகிறதே, அது கொட்டிப்போனதால்தான். இதை வாத்தியார் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எங்களுக்கே தெரிந்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

அந்தப் புரட்டாசியில் எனக்குத் தம்பி பிறந்திருந்தான். அம்மா பின்கட்டு அறையில் கிடந்தாள். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். காற்று படக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னலுக்கும் சாக்குப் படுதா கட்டியாயிற்று. பகலிலேயே உள்ளே அகல் விளக்கு எரியும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, வாசலில் மறித்துக்கொண்டு நிற்பாள். நல்லவள்தான். ஆனால் அவள் நல்லவள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு காலம் பிடித்தது.

ஊரில் அதற்கு முந்தின பங்குனியில் ஒருத்தி பிள்ளை பெற்றுவிட்டு எழுந்திருக்காமலே போய்விட்டாள். எங்களைத் தூரத்தில் நிற்க வைத்துப் பார்க்க விடவில்லை. அதனால் பாடம் கேட்டு வந்த அன்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் அத்தை தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டபோது எனக்குப் புரியாமல் இல்லை.

“ஒடம்புல தெம்பே இல்லப்பா. அம்புட்டும் போயிருச்சு. இப்பிடியே கெடந்தாள்னா, அந்தப் புள்ள மாதிரி ஆயிருமோன்னு எனக்குக் கெதக்குங்குது.”

அப்பா மாடு குடித்து முடித்த பிறகும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வாத்தியார் சொன்னதும் சேர்ந்து வந்தது. தெம்பு அழியாது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும். அம்மாவுடையது போய்விட்டதென்றால் எங்கே போயிருக்கும்? உள்ளே தம்பி வீறிட்டு அழுதான். ஒரு முழம் நீளம்கூட இல்லை, ஊரையே எழுப்புகிற மாதிரி குரல். கையும் காலும் நிற்காமல் உதைக்கிறது. களவு போன பொருள் யாரிடம் இருக்கிறதென்று கண்டுபிடிக்கப் போலீஸ் வர வேண்டியிருக்கவில்லை.

அவனிடம் திரும்பக் கேட்க முடியாது. எடுத்தவன் பச்சைப்பிள்ளை. ஆகவே வேறு வழி யோசித்தேன். எல்லாத் தெம்பும் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கோ வெயிலே இல்லை. சாக்குப் போட்டு மூடி வைத்துக்கொண்டு தெம்பில்லை தெம்பில்லை என்று புலம்புகிறார்களே, இந்தப் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் வந்த கேடு இது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் லீவு. அத்தை கண்ணயர்ந்த நேரம் பார்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக் கவிழ்த்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வடக்கே போனேன். ஜன்னல் பக்கம் வீட்டு நிழல். நிழலைத் தாண்டி வெயிலில் நின்று தாம்பாளத்தைச் சாய்த்தேன். வட்டமாக ஒரு மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறியது. வழுக்கிக்கொண்டே போய்க் கூரையில் ஏறிக்கொண்டது. இறக்கினேன். படுதாவின் ஒரு முனையை முன்னாலேயே அவிழ்த்து வைத்திருந்தேன். வெளிச்சம் அந்த இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது.

அறைக்குள் முதலில் எதிர்ச்சுவர் தெரிந்தது. பிறகு அரிசிக் குலுக்கை, பிறகு கட்டில் கால், பிறகு அம்மாவின் கை. வளையல்கள் மணிக்கட்டை விட்டு முழங்கை வரைக்கும் சரிந்து கிடந்தன, அவ்வளவு மெலிந்திருந்தாள். அந்தக் கை மேல் வெயிலை வைத்தேன். என் கை நடுங்கியது, வெயிலும் நடுங்கியது.

“யாருடி அது?”

“நாந்தாம்மா.”

“என்னடி வெளையாட்டு இது?”

“வெளையாட்டு இல்லம்மா. தெம்பு. அசையாம இரு, கீழ சிந்திரும்.”

அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையை மெல்லத் திருப்பிக் குழித்து, அதில் வெயிலை ஏந்திக்கொண்டாள். முகத்தை நான் பார்க்க முடியவில்லை. ஆனால் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும், கை குலுங்கியது. தாம்பாளம் கனத்தது. எனக்குத் தோள் இற்றுப்போனது. ஒரு மேகம் வந்து மூடுகிற வரைக்கும் அப்படியே இருந்தோம், அவள் உள்ளே, நான் வெளியே.

சமயம் கிடைத்தபோதெல்லாம் இதைச் செய்துவந்தேன், அத்தை ஒரு நாள் கண்டுபிடித்தாள். “அடி கழுத! பச்ச ஒடம்புக்கு வெளிச்சம் பட்டா ஜன்னி கண்டுரும்டி!” என்று தாம்பாளத்தைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.

“இருக்கட்டும் மதினி. கண்ணுக்கு எதமா இருக்கு.”

அம்மா பிள்ளை பெற்றபின் எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை என்னைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். “கொஞ்ச நேரம். அம்புட்டுதான். இது எந்த ஊரு வைத்தியமோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி படுக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

இதோடு நான் இன்னொன்றும் செய்தேன். ஓடுவதை விட்டுவிட்டேன். ஒரே பானைச் சோற்றைத்தானே வீட்டில் எல்லோரும் தின்கிறோம், தெம்பும் அப்படித்தான் இருக்க வேண்டும், நான் கொட்டாமல் வைத்தால் அம்மாவுக்கு மிஞ்சும் என்பது என் எண்ணம். கிளித்தட்டு இல்லை, தொட்டுப் பிடிக்கிற விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அடி மேல் அடி வைத்துப் போனேன். “ஏ கெழவி, வாரியா?” என்று பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் கொஞ்சம் போய்விடும் என்று பயம்.

ஐப்பசி பிறந்தது. வானம் மூடிக்கொண்டது.

அந்த வருஷத்து மழை விடாமல் பெய்தது. ஆற்றுச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நாகமலை இருந்த இடம் தெரியவில்லை. கண்ணாடி ஓட்டின் கீழ் வெறும் ஈரம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சியைக் கொண்டுபோனால் வாய் கசக்கிறதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் இல்லாமல் தம்பியும் குரல் கம்மினான். அப்பா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்றார். “இந்த மழையில, இந்தப் பாதையில வண்டி குலுங்கினா தாங்குவாளா?” என்று அத்தை கேட்டாள். அப்பா வண்டியைக் கட்டவில்லை. நான் தாம்பாளத்தை முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். மழை அதில் தட்டித் தட்டிப் பெய்தது. கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் ராத்திரி ரயில் ஞாபகம் வந்தது. பகலில் தின்று வைத்ததை வைத்து ஓடும் என்று அந்தக் கணக்குக் கெட்டிக்காரி சொன்னாளே. எங்கள் வீட்டில் யார் என்ன தின்று வைத்திருக்கிறார்கள்? விறகு நனைந்து கிடந்தது. வைக்கோல் மாட்டுக்கு. சமையற்கட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தை உறியிலிருந்து ஒரு கலயத்தை இறக்கி, மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சுண்டை வற்றல். அந்த வாசனை வந்ததும் மழைக்கு நடுவில் எனக்குச் சித்திரை மாதத்துக் களம் அப்படியே வந்து நின்றது.

அந்த வற்றலைப் போட்டது அம்மா. தம்பி அப்போது வயிற்றில் இருந்திருப்பான், எங்களுக்குத் தெரியாது. மோரில் ஊறிய சுண்டைக்காயைக் களத்தில் பாய் விரித்துப் பரப்பிவிட்டு அவள் போய்விடுவாள், நான் குச்சியோடு காக்கா விரட்டுவேன். சாயங்காலம் வந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். “இதுக்கு இன்னம் ஒரு வெயிலு பத்தலடி” என்பாள். மறுநாள் மறுபடியும். “இன்னம் ரெண்டு வெயிலு காட்டணும்.” நாட்களைக் கணக்கு வைக்க மாட்டாள், வெயில்களைத்தான் கணக்கு வைப்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், வாயில் புழங்கிப்போன பேச்சு. எனக்கு மட்டும் அந்த மழை நாளில் அது காதில் புதிதாக விழுந்தது. கலயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கறுத்துச் சுருங்கி, உப்புப் பூத்து, அத்தனை வெயிலும் உள்ளே கிடந்தது.

“அத்தை, அதை வறுத்துக் குடு. அம்மாவுக்கு.”

“வாயில பச்சத்தண்ணி எறங்கல. வத்தலு எறங்குமாக்கும்?”

“குடு அத்தை” என்று காலைத் தரையில் உதைத்தேன். உதைத்ததில் கொஞ்சம் கொட்டிப்போனதை நினைத்து உடனே நிறுத்திக்கொண்டேன். அத்தைக்கு என்ன தோன்றியதோ, சட்டியில் நல்லெண்ணெய் விட்டாள். வறுத்ததைக் கஞ்சியோடு நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். “ஆகாதுடி” என்றாள்.

“இது வத்தலு இல்லம்மா, வெயிலு. நீ காட்டி வச்ச வெயிலுதான். அம்புட்டும் இதுக்குள்ள இருக்கு.”

கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள், ஒன்றை வைத்தேன். மென்றாள். அந்த நறநறச் சத்தம் மழைச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. “ஆமாடி” என்றாள் மெதுவாக. “வெயிலாத்தான் இருக்கு. இன்னொண்ணு குடு.”

கஞ்சியில் பாதி குடித்தாள். அத்தை கதவோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

வற்றல் தின்று காய்ச்சல் போயிற்று என்று நான் யாரிடமும் சாதிக்க மாட்டேன். மருத்துவச்சி கொடுத்த கஷாயமாக இருக்கலாம். அம்மாவுக்குள்ளேயே ஏதோ ஒன்று மிச்சம் இருந்து, அது விழித்துக்கொண்டதாக இருக்கலாம். கலயம் காலியாகிற வரைக்கும் அவள் வேளைக்குக் கொஞ்சமாகத் தின்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தம்பியின் குரல் பழையபடி ஊரை எழுப்பியது. அவன் மேல் எனக்கிருந்த வழக்கை அதோடு தள்ளுபடி செய்தேன். ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. பிடித்து உட்கார வைத்தால் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குவாள். நான் தொடர்ந்து மெதுவாகவே நடந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டது. சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து கிழக்கே பார்த்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். முதுகில் இளவெயில். என் நிழல் முன்னால் நீளமாக விழுந்து, என்னைவிட நிதானமாகப் போவது போல இருந்தது. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். நடப்பது வரப்பிலா மேகத்திலா என்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் எப்போதோ ஓடிப்போய்விட்டார்கள்.

சட்டென்று கண்ணில் ஒரு வெளிச்சம் அடித்தது. கண் கூசி நின்றேன். வெளிச்சம் நகர்ந்தது. பக்கத்து நாற்றில் விழுந்தது, வரப்பில் ஏறியது, தடுமாறித் தண்ணீரில் இறங்கியது, மறுபடி என்னைத் தேடி வந்து என் பாவாடையில் உட்கார்ந்தது. மஞ்சளாக, வட்டமாக. நடுங்கிக்கொண்டிருந்தது.

அத்தையின் கை நடுங்காது. அவள் உலக்கை பிடிக்கிற கைக்காரி. அப்பா டவுனுக்கு வண்டி கட்டிப் போயிருந்தார். எங்கள் வீட்டில் தாம்பாளத்தைத் தூக்கினால் நடுங்குகிற கை இன்னும் ஒன்றுதான் இருந்தது.

நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு வயலுக்கு அப்பால், வீட்டு வாசலில், தூணில் சாய்ந்துகொண்டு, வெயிலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது.

ஓடினேன். சிலேட்டு இடுப்பில் இடித்தது, வரப்பு வழுக்கியது, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். புரட்டாசியிலிருந்து கொட்டாமல் சேர்த்து வைத்த அத்தனையையும் அந்த ஒரு ஓட்டத்தில் கொட்டினேன். வாசலுக்குப் போய் அவள் வயிற்றில் முட்டி, இடுப்பைக் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். அம்மா தள்ளாடித் தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையிலிருந்த தாம்பாளம் கணீரென்று விழுந்து, வாசலில் சுற்றிச் சுற்றி அடங்கியது.

“மெதுவாடி” என்றாள், என் தலையில் கை வைத்து. “கீழ சிந்திரும்.”